பைப்பில் ரோஸ் வெள்ளம்

நம் கேரவன் யார்டுக்குப் புதிதாக வந்திருக்கும் பிள்ளைகளே, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். ரோஸ் கலரில் இருப்பதெல்லாம் நம்முடைய மருந்து என்று நினைக்காதீர்கள். நான் நினைத்தேன், நன்றாக அனுபவித்தேன். இப்போது ஓய்வு பெற்று வீட்டில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருப்பதால் சிரித்துக்கொண்டே எழுதுகிறேன். அன்றைக்கு என் முகத்தைப் பார்த்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை.

தமிழில் எழுதுகிறேன். மலையாளத்தில் பேச்சு எனக்குத் தண்ணீர் பட்ட பாடு, எழுத்துதான் தகராறு. அந்தத் தகராறு என்னவெல்லாம் செய்தது என்று கீழே வரும். உங்களில் பாதிப் பேருக்குத் தமிழ் வாசிக்க வராது என்று தெரியும். வாசிக்கத் தெரிந்தவர் மற்றவர்களுக்கு வாசித்துக் காட்டுங்கள். நடுவில் எதையும் விட்டுவிட வேண்டாம், முக்கியமாக நான் மடத்தனம் பண்ணிய இடங்களை.

என் பெயர் சுலைமான். யார்டில் எல்லோரும் 'சுலைமானி' என்று எலுமிச்சைச் சாயாவின் பெயரைச் சொல்லித்தான் கூப்பிடுவார்கள். கோபம் வந்தால் கடுஞ்சாயா என்பார்கள், மரியாதைக்கு இக்கா, அதாவது அண்ணன். இந்தத் தொழிலுக்கு நான் வந்தபோது வயது ஐம்பத்தைந்து. அதற்கு முன் முப்பது வருடம் மட்டாஞ்சேரியில் வீட்டு பிளம்பர். பழைய வீடுகளின் சுவருக்குள் எந்தக் குழாய் எங்கே திரும்புகிறது என்று கையை வைத்தே சொல்வேன். அந்தத் திமிரோடுதான் வந்தேன்.

என்னைக் கூப்பிட்டது நம் மேடம். பெயரை எழுதக் கூடாது என்று கட்டளை, எழுதவில்லை. என்னைவிடப் பதினைந்து வயது இளையவர். இரண்டு கேரவன் வாங்கித் தோப்பும்படி பக்கம் யார்டு போட்டார். கட்டில், அடுப்படி, குளியலறை, கக்கூஸ் எல்லாம் உள்ளேயே இருக்கிற வண்டி. மட்டாஞ்சேரியே வந்து எட்டிப் பார்த்துவிட்டுச் சிரித்தது. நானும் சிரித்தேன், சிரித்துக்கொண்டே வேலைக்குச் சேர்ந்தேன்.

வண்டியோடு ஒரு புத்தகம் வந்தது. குளிர்காலம் வருவதற்கு முன் தண்ணீர் லைன் முழுவதையும் காலி செய்ய வேண்டும் என்று அதில் ஒரு அத்தியாயமே இருந்தது. நான் அதை மேடத்துக்குப் படித்துக் காட்டிச் சிரித்தேன். கொச்சியில் குளிர்காலம் என்றால் ஃபேனை ஐந்திலிருந்து மூன்றுக்குக் குறைப்பதுதானே. அந்த ஜனவரியிலேயே ஒரு வண்டி மூணாறுக்குப் போனது. மூணாறு டவுனுக்கு மேலே, புல்லெல்லாம் வெள்ளையாக உறையும் இடத்தில் ஒரு ராத்திரி நின்றது. திரும்பி வந்தபோது பம்ப் உடம்பு இரண்டாகப் பிளந்திருந்தது. அடுப்படிக் குழாய் நீளவாக்கில் கிழிந்திருந்தது. வெயில் ஏறியதும் உறைந்தது உருகி மெத்தை வரைக்கும் நனைந்து, வாடிக்கையாளர்கள் ஜமக்காளத்தைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்தே இறங்கி வந்தார்கள்.

கம்பெனி டிஃபெக்ட் என்று நான் சாதித்தேன். முப்பது வருட அனுபவம் என்று குரலை உயர்த்திப் பேசினேன். மேடம் ஒரு கண்ணாடி பாட்டிலில் கழுத்து முட்டத் தண்ணீர் பிடித்து, மூடியை இறுக்கி, யார்டு ஃபிரிட்ஜின் ஃப்ரீஸரில் வைத்தார். மறுநாள் காலை என்னைக் கூப்பிட்டு ஃப்ரீஸரைத் திறந்து காட்டினார். பாட்டில் நான்கு துண்டாகக் கிடந்தது.

"இது எந்தக் கம்பெனி டிஃபெக்ட் இக்கா?" என்று கேட்டார்.

தப்பு என்னுடையது என்று ஒப்புக்கொண்டேன். என் வாழ்க்கையில் அது அடிக்கடி நடக்கிற காரியம் இல்லை.

அன்றிலிருந்து மலைக்கு மேலே போகிற ஒவ்வொரு வண்டிக்கும் நாம் செய்வது உங்களுக்குத் தெரியும். டேங்க், கீஸர் எல்லாம் காலி செய்து, கம்ப்ரஸர் காற்றால் ஊதி, பிறகு எல்லாக் குழாயிலும் ரோஸ் கலர் வரும் வரைக்கும், குளிரில் உறையாத மருந்தை ஏற்றுவது. ஒவ்வொரு படியும் சுவரில் ஒட்டியிருக்கிறது, அதையே இங்கே எழுதி உங்கள் நேரத்தைக் கொல்லவில்லை. வண்டி திரும்பி இறங்கும் வரை அந்தக் குழாய்களை யாரும் தொடக் கூடாது. குடிக்கிற தண்ணீர் தனியாக ஜாரில் போகும். அந்த மருந்து வாயில் கொஞ்சம் பட்டாலும் பெரிதாக ஒன்றும் செய்யாத வகை. எஞ்சினுக்கு ஊற்றுகிற கூலண்ட் அப்படி இல்லை. அது ஒரு டம்ளர் உள்ளே போனால் கிட்னி போகும், ஆளே போனாலும் போகலாம். நம் யார்டில் அப்போது இருந்த கூலண்டும் ரோஸ் கலர்தான். இரண்டும் இனிக்கும். இதை மட்டும் நினைவில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

மூன்றாவது ஜனவரி. என் மனைவி ஜெமீலா அப்போது பஜார் ரோட்டில் இஞ்சி கிடங்கில் வேலை செய்துகொண்டிருந்தாள். சுக்கு தரம் பிரிக்கிற வேலை. அவளும் கூட வேலை செய்யும் மூன்று பெண்களும் உறைபனி பார்க்க வேண்டும் என்று பல வருடமாகச் சொல்லிக்கொண்டே இருந்தார்கள். அந்த மூவரில் லிஸி என்று ஒருத்தி, வாய் மூடாத ஆள். "சுலைமான் இக்கா வண்டியிலே மூணாறு போய் ஐஸைத் தொட்டுட்டு வராம நான் சாகமாட்டேன்" என்று பார்க்கிற போதெல்லாம் சொல்லுவாள். கடைசியில் மேடமே நாள் குறித்துக் கொடுத்துவிட்டார். மூன்று நாள் கிடங்குக்கு லீவு சொல்லி, நான்கு பேரும் ஸ்வெட்டர் இரவல் வாங்கி, ஒரு வாரம் அந்தத் தெருவில் வேறு பேச்சே இல்லை.

வீட்டில் எனக்கு இருந்த பெருமையைச் சொல்லி முடியாது. கல்யாணமாகி முப்பத்துநான்கு வருடம், அவளை நான் கூட்டிக்கொண்டு போன பெரிய ஊர் பாலக்காடு, அதுவும் அவள் மாமா வீடு. இப்போது நான் மருந்து ஏற்றிய வண்டியில் அவள் போகப் போகிறாள். முதல் நாள் சாயங்காலம் ஒவ்வொரு இணைப்பையும் இரண்டு முறை பார்த்தேன். ஷெட்டில் இருந்து வெள்ளை கேனை எடுத்துவந்து மருந்து ஏற்றினேன். குழாய்களில் ரோஸ் வந்ததும் துடைத்துப் பளபளவென்று வைத்தேன். பிறகு ஒரு நோட்டீஸ் எழுதி, அடுப்படிக் குழாய்க்கு மேலே ஒட்டினேன்.

நோட்டீஸை மலையாளத்தில் எழுதினேன். ஜெமீலாவோடு போகிற மூன்று பேருக்கும் மலையாளம்தான் வாசிக்க வரும். என் எழுத்து கோழி கிளறியது போல் இருக்கும் என்பதால் ரத்தினச் சுருக்கமாக எழுதினேன். 'பைப்பில் ரோஸ் வெள்ளம்.' அவ்வளவுதான். மலையாளத்தில் வெள்ளம் என்றால் தண்ணீர். ரோஸ் தண்ணீர் இருக்கிறது, ஜாக்கிரதை என்று எனக்குப் பொருள். யார்டில் மூன்று வருடமாக ரோஸ் என்றால் மருந்து, தொடாதே என்றே பழகிவிட்டேன்.

கொச்சிக்காரர் யாராவது இதைப் படித்தால் இந்நேரம் தலையில் அடித்துக்கொண்டிருப்பார். நம் ஊரில் எந்த வீட்டில், எந்த ஓட்டலில் தண்ணீர் கேட்டாலும் என்ன கலரில் வருகிறது? பதிமுகக் கட்டையைப் போட்டுக் கொதிக்க வைத்த ரோஸ் தண்ணீர். என் வீட்டிலேயே தினமும் இரண்டு பானை காய்கிறது. அதைக் குடித்து வளர்ந்தவன் நான். குழாயில் ரோஸ் தண்ணீர் என்று எழுதி ஒட்டினால், கொதிக்க வைத்த நல்ல தண்ணீர் குழாயிலேயே வருகிறது, குடியுங்கள் என்றுதானே எவரும் படிப்பார்கள். எனக்கு அது ஒரு நிமிடம்கூட உறைக்கவில்லை.

காலையில் வண்டி கிளம்பும்போது ஒரே கூத்து. லிஸி தலையணைகளைக் கொண்டுவந்திருந்தாள், வண்டியிலேயே நான்கு தலையணை இருக்கிறது. ஜெமீலா மரவள்ளிக்கிழங்கு அவித்துத் தூக்குச்சட்டியில் கொண்டுவந்தாள். டிரைவர் செல்வம், தேனிப் பக்கத்துப் பையன், நல்ல ஓட்டுநர், வந்து ஆறு மாதம்தான், மலையாளம் வாசிக்கத் தெரியாது. குழாயை யாரும் திறக்காமல் பார்த்துக்கொள் என்று அவனிடம் வாயால் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நோட்டீஸ் இருக்கிறதே என்று விட்டேன். குடிதண்ணீர் ஜார் வண்டிக்கு அடியில் சாமான் பெட்டியில் இருந்தது. அதையும் யாரிடமும் சொல்லவில்லை. கை காட்டி அனுப்பிவிட்டு ராஜா மாதிரி நடந்து வந்தேன்.

ஒன்பதரை மணி இருக்கும். யார்டு வாசலில் நின்று சாயா குடித்துக்கொண்டிருந்தேன். ஜெமீலாவின் ஃபோன். பின்னால் அருவிச் சத்தம், பெண்கள் சிரிக்கிற சத்தம். மலையேறும் வழியில் அருவிக்குப் பக்கத்தில் நிறுத்தியிருக்கிறார்களாம். அவள் குரலில் அப்படி ஒரு குஷி.

"ஏங்க, பதிமுக வெள்ளமெல்லாம் நெறச்சு வெச்சிருக்கீங்க, என்கிட்ட ஒரு வாக்கு சொல்லலையே. லிஸிதான் நோட்டீஸ வாசிச்சுச் சொன்னா. நல்லா இருக்கு, கொஞ்சம் இனிப்பா இருக்கு. சர்க்கரை போட்டீங்களா?"

பிள்ளைகளே, அடுத்து நான் செய்ததை மறைக்காமல் எழுதுகிறேன். அந்த நேரத்தில் உங்களுக்கும் இப்படித்தான் தோன்றும். நான் பொய் சொன்னேன். டேங்கில் தூசி இருக்கும், இனிமேல் குடிக்க வேண்டாம் என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டேன். எவ்வளவு குடித்தாய் என்று கேட்டேன், அந்த அளவுக்கு மட்டும் புத்தி இருந்தது. அவள் ஒரு டம்ளர், லிஸி அரை டம்ளர், மற்ற இருவரும் ஃபிளாஸ்கில் சாயா கொண்டுவந்திருந்ததால் தொடவில்லை.

நான் ஏற்றியது மருந்துதானே, ஒரு டம்ளரால் ஒன்றும் ஆகாது, சாயங்காலம் மெதுவாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன். சும்மா ஒரு பார்வை பார்த்து மனதைத் தேற்றிக்கொள்ளத்தான் போனேன். அலமாரியில் இன்னொரு வெள்ளை கேன் இருந்தது. திறந்து பார்த்தேன். ரோஸ்.

 மருந்து பெரிய டிரம்மில் வரும். அதைத் தூக்கிக்கொண்டு வண்டியில் ஏற முடியாது என்று நான்தான் வெள்ளை கேனில் ஊற்றி வைக்கிற பழக்கத்தைக் கொண்டுவந்தேன். ஒரே ஒரு கேன்தான் ஊற்றினேன். அப்படியென்றால் இரண்டில் ஒன்று எஞ்சின் மெக்கானிக் சாபு ஊற்றி வைத்த கூலண்ட். அவனும் என்னைப் பார்த்து அதே பழக்கத்தைப் பிடித்திருக்கிறான். ஒரே கடை, ஒரே கேன், ஒரே கலர், ஒரே அலமாரி, எதிலும் ஒரு எழுத்து கிடையாது. நேற்று சாயங்காலம் நான் கையில் எடுத்தது எது? நினைவில் இருந்ததெல்லாம் கேன் வெள்ளையாக இருந்தது என்பது மட்டும்தான்.

சாபு ஸ்பேர் பார்ட்ஸ் வாங்க இடப்பள்ளிக்குப் போயிருந்தான். ஃபோன் அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்கவில்லை. நான் மிச்சமிருந்த கேனை மூக்கில் வைத்துப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. உள்ளங்கையில் கொஞ்சம் ஊற்றி நக்கிப் பார்க்கலாம் என்று கையைக் குவித்தேன். அப்போதுதான் மேடம் ஷெட்டுக்குள் வந்தார். என் முகத்தைப் பார்த்ததும் என்ன என்று கேட்டார். சொன்னேன். கையிலிருந்து கேனை வாங்கினார்.

"ரெண்டும் இனிக்கும் இக்கா. நக்கினா என்ன தெரியும் உங்களுக்கு? ஆத்யம் அவங்க ஆஸ்பத்திரிக்குப் போகட்டும். எந்த கேன்னு பின்னே நோக்கலாம்."

இந்த ஒரு வார்த்தையைத்தான் உங்களுக்கு எழுதிக் கொடுக்க வேண்டும் என்று உட்கார்ந்தேன். நான் எந்த கேன் என்று கண்டுபிடித்துவிட்டுப் பிறகு சொல்லலாம் என்று நினைத்தேன். அவர் முதலில் சொல்லிவிட்டுப் பிறகு கண்டுபிடிக்கலாம் என்றார். எனக்கு என் மானம் பெரிதாக இருந்தது. பொய் சொல்லிவிட்டேனே, இனி எப்படி மாற்றிச் சொல்வது, லிஸி கிடங்கு முழுக்கச் சொல்லிச் சிரிப்பாளே என்றெல்லாம் ஓடியது. அந்த ஐந்து நிமிடமும் என் மனைவியின் வயிற்றுக்குள் என்ன இருக்கிறது என்று தெரியாது. இன்றைக்கும் அதை நினைத்தால் எனக்கு என் மேலேயே எரிச்சல் வரும்.

ஜெமீலாவுக்கு அடித்தேன். எடுக்கவில்லை. மறுபடி அடித்தேன், தொடர்பு எல்லைக்கு வெளியே என்று வந்தது. மலை வளைவுகளில் அப்படித்தான். மேடம் செல்வத்தின் நம்பருக்கு அடித்தார். மூன்றாவது தடவை எடுத்தான். ஸ்பீக்கரில் போட்டு என் கையில் கொடுத்தார். வண்டியை ஓரம் கட்டு, ஜெமீலாவிடம் கொடு என்றேன்.

"ஜெமீலா, அது பதிமுகம் இல்லை. பைப்புக்கு ஏத்துற மருந்து. இல்லாட்டி எஞ்சினுக்கு ஊத்துற விஷம். எதுன்னு எனக்குத் தெரியல. நான் முதல்ல சொன்னது பொய். இப்பவே ஆஸ்பத்திரிக்குப் போங்க."

 அவள் உடனே செல்வத்திடம், தம்பி வண்டிய எடு, பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் போ என்று சொல்வது கேட்டது. அழவில்லை, என்னைத் திட்டவும் இல்லை. அதுதான் எனக்குத் தாங்க முடியாமல் இருந்தது.

மேடம் அந்த வழியில் இருந்த ஆஸ்பத்திரியின் நம்பரைத் தேடிப் பிடித்து டாக்டரைப் பேச வைத்தார். இரண்டு டிரம்மின் லேபிளையும் படம் பிடித்து அனுப்பினார். டாக்டர் என்னிடம் நேராகக் கேட்டார், எதைக் குடித்தார்கள் என்று. மருந்துதான் என்று சொல்ல என் நாக்கு துடித்தது, ஏனென்றால் அப்படித்தான் இருக்க வேண்டும் என்று மனது ஏங்கியது. அடக்கிக்கொண்டு இரண்டில் ஒன்று, எது என்று தெரியாது, ஒன்பது மணிக்குக் குடித்திருப்பார்கள், ஒருத்தி ஒரு டம்ளர், ஒருத்தி அரை டம்ளர் என்றேன். அது போதும், மோசமானதுதான் குடித்தார்கள் என்று வைத்துக்கொண்டு ஆரம்பிக்கிறோம் என்றார். தெரியாததைத் தெரியாது என்று சொன்னால் மற்றவன் வேலை செய்வான். தெரிந்த மாதிரி காட்டிக்கொண்டால் அவன் கையையும் சேர்த்துக் கட்டிப்போடுகிறோம்.

மேடத்தின் காரில் கிளம்பினோம். மிச்சமிருந்த கேனை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். வழியெல்லாம் ஓதிக்கொண்டே வந்தேன். முப்பத்துநான்கு வருடத்தில் அவளிடம் சொல்லாமல் விட்டதெல்லாம் ஒவ்வொன்றாக ஞாபகத்துக்கு வந்தது. மேடம் ஹாரன் அடித்துக்கொண்டே ஓட்டினார்.

கோதமங்கலம் தாண்டியதும் சாபு கூப்பிட்டான். கடையில் கூட்டம், ஃபோன் வண்டியிலேயே இருந்ததாம். விஷயத்தைச் சொன்னதும் அவன் குரலும் மாறிவிட்டது. கேனை அவன்தான் ஊற்றி வைத்தது உண்மை என்றான்.

"இக்கா, கேனைத் திருப்பி அடிப்பக்கம் நோக்குங்க. பக்கத்துல எழுதினா என் கைக் கிரீஸ்ல அழிஞ்சு போவுது. அதனால அடியில ஸ்க்ரூடிரைவரால 'ச' கீறி வெப்பேன்."

நாலா பக்கமும் பார்த்த நான் அடியை மட்டும் பார்க்கவில்லை. படபடவென்று கேனைக் கவிழ்த்தேன். மூடி சரியாக மூடவில்லை. அரை கேன் கூலண்டும் என் வேட்டியில், மேடத்தின் புது காரின் சீட்டில், கீழே மிதியடியில். அந்த ரோஸ் குளத்துக்கு நடுவே, கேனின் அடியில், கோணல்மாணலாக ஒரு மலையாள 'ச'. சாபுவின் கேன் என் மடியில் இருக்கிறது. அப்படியானால் நான் ஏற்றியது என் கேன். ஜெமீலா குடித்தது மருந்து.

நான் ஓவென்று கத்தியதில் மேடம் பயந்து வண்டியை ஓரம் கட்டிவிட்டார். கேனை அவர் முகத்துக்கு நேரே நீட்டிக் காட்டினேன், அதிலிருந்தும் கொஞ்சம் கொட்டியது. அவர் அந்த எழுத்தைப் பார்த்தார், சீட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். பிறகு ஸ்டீயரிங்கில் தலையை வைத்துச் சிரித்தார். நானும் சிரித்தேன். சிரிப்பா அழுகையா என்று கேட்டால் சொல்லத் தெரியாது. உடனே டாக்டருக்குச் சொன்னோம். நல்லது, இருந்தாலும் சாயங்காலம் வரைக்கும் வைத்துப் பார்க்கிறேன், ரத்தப் பரிசோதனையும் வரட்டும் என்றார்.

இதைத் திறமை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். அலமாரியில் இரண்டு கேன், என் கை சரியானதின் மேல் விழுந்தது. படைத்தவன் காப்பாற்றினான், வேறொன்றும் இல்லை. மறுநாளே வெள்ளை கேன்களை எல்லாம் யார்டை விட்டு ஒழித்தோம். நீங்கள் இன்று அந்தக் கனமான டிரம்மைத் தூக்கிக்கொண்டு முதுகு வலிக்குது என்று புலம்புகிறீர்களே, காரணம் இதுதான். புலம்புங்கள், ஆனால் தூக்குங்கள்.

நாங்கள் போய்ச் சேர்ந்தபோது ஆஸ்பத்திரியில் வேறொரு கூத்து நடந்து முடிந்திருந்தது. செல்வம் பதற்றத்தில் உள்ளே ஓடி, "பனி பார்க்க வந்தவங்க, சீக்கிரம் பாருங்க" என்று கத்தியிருக்கிறான். மலையாளத்தில் பனி என்றால் காய்ச்சல் என்று தேனிக்காரனுக்கு எப்படித் தெரியும். டாக்டர் ஓடி வருவதற்குள் ஒரு நர்ஸ் நான்கு பெண்களுக்கும் தெர்மாமீட்டர் வைத்துவிட்டாள், பதறி நிற்கிற செல்வத்துக்கும் ஒன்று வைத்தாளாம். அவனுக்குத்தான் சூடு கொஞ்சம் அதிகம் இருந்தது. டாக்டர் வந்து, மோசமானதாக இருந்தால் சில ஊர்களில் சாராயத்தையே மருந்தாக ஏற்றுவார்கள் என்று ஏதோ பேச்சுக்குச் சொல்ல, ஜெமீலா தலையில் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வேண்டவே வேண்டாம் என்றிருக்கிறாள். அப்படின்னா அவ பங்கையும் எனக்கே ஏத்துங்க டாக்டரே என்று லிஸி சொல்லி, வார்டே சிரித்ததாம்.

அந்தச் சிரிப்பு ஓய்வதற்குள் நான் உள்ளே நுழைந்தேன், வேட்டி முழுக்க ரோஸ் கலரோடு. எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். ஜெமீலா கட்டிலில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று கண்ணால் பார்த்தேன். கட்டில் விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றேன். நோட்டீஸ், கேன், பொய் எல்லாவற்றையும் அந்த நான்கு பெண்கள் முன்னாலும் ஒன்றுவிடாமல் சொன்னேன். ஜெமீலா கேட்டுக்கொண்டிருந்துவிட்டு, வேட்டியை மாற்றிவிட்டு ஏதாவது சாப்பிடச் சொன்னாள், காலையிலிருந்து நான் ஒன்றும் சாப்பிட்டிருக்க மாட்டேன் என்று அவளுக்குத் தெரியும்.

சாயங்காலம் டாக்டர், ரத்தமெல்லாம் சரி, இரண்டு பேரும் போகலாம் என்றார். எல்லோரையும் கொச்சிக்குத் திருப்பிக் கூட்டிக்கொண்டு போகத்தான் நான் நினைத்தேன். ஐஸைத் தொடாமல் திரும்பமாட்டேன் என்று லிஸி ஆஸ்பத்திரி வாசலிலேயே உட்கார்ந்துவிட்டாள். மேடம் என்னையும் அவர்களோடு ஏறச் சொன்னார். காரை யார் கழுவுவது என்று பிறகு பேசலாம் என்று சொல்லிவிட்டு அவர் திரும்பினார். யாரும் திறக்காதபடி குழாய்களுக்கு எல்லாம் கந்தல் சுற்றிக் கட்டிவிட்டு, தண்ணீர் ஜாரை உள்ளே தூக்கி வைத்துவிட்டு, நானும் மலையேறினேன்.

ஒன்று சொன்னால் சிரிப்பீர்கள். மூன்று வருடமாகக் குளிருக்காக வேலை செய்தவன், அன்றைக்குத்தான் உறைபனியை முதன்முதலாகப் பார்த்தேன். விடிகிற நேரத்தில் கதவைத் திறந்தால் சரிவெல்லாம் உப்பு கொட்டியது போல வெள்ளை. புல்லில் கால் வைத்தால் நொறுநொறுவென்று சத்தம். நான்கு பெண்களும் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடினார்கள். லிஸி அள்ளி முகத்தில் பூசிக்கொண்டாள். ஜெமீலா ஒரு புல்லைப் பறித்து அதன் மேலே இருந்த ஐஸ் அவள் விரல் சூட்டில் உருகுவதையே பார்த்துக்கொண்டிருந்தாள். ஐம்பத்துநான்கு வயதில் அவள் முகம் அப்படி மலர்ந்து நான் பார்த்ததில்லை. உள்ளே ஒரு குழாய்கூடப் பிளக்கவில்லை. மனது நிறைந்து போயிருந்தேன்.

வெயில் வந்ததும் எல்லோரும் ஒரு பாறையில் உட்கார்ந்து சாயா குடித்தோம். லிஸி பழைய கதையை மறுபடி ஆரம்பித்தாள்.

"அந்த வெள்ளம் வாயில வெக்கக் கொள்ளல இக்கா. இனிப்பும் கசப்புமா ஒரு நாத்தம். நான் பாதிய ஜன்னல் வழியே ஊத்திட்டேன். இவ மட்டும் முழுசும் குடிச்சா."

நான் ஜெமீலாவைப் பார்த்தேன். நல்லா இருக்கு என்றுதானே ஃபோனில் சொன்னாய் என்று கேட்டேன்.

"நல்லாவே இல்ல. தொண்டையில எறங்கவே மாட்டேன்னுச்சு. நீங்க செஞ்சு வெச்சதாச்சே, இவங்க முன்னால எப்படித் துப்புறது?" என்றாள், சாயாவை ஊதிக்கொண்டே.

எனக்கு அழுகை வந்துவிட்டது. குளிரில் மூக்கு ஒழுகுகிறது என்று சொல்லி எழுந்து வண்டிக்குப் பின்னால் போய் நின்றுகொண்டேன். நான் செய்தது என்ற ஒரே காரணத்துக்காக ஒருத்தி கண்ணை மூடிக்கொண்டு முழு டம்ளரையும் குடித்திருக்கிறாள். அதில் இருப்பது என்ன என்று செய்தவனுக்கே தெரியவில்லை.